வென்சிம் மாதிரியை வரைபடத்தோடு பிணைப்பது எப்படி?

கேள்வி: ஓர் ஆற்றுப்படுகையின் நிலத்தடி நீருக்கு வென்சிமில் (காலப்போக்கில் மாறும் அமைப்புகளைக் கணக்கிடும் மென்பொருள்) மாதிரி வைத்திருக்கிறேன். படுகை முழுவதற்கும் ஒரே இருப்புதான் (சேர்ந்திருக்கும் நீரைக் குறிக்கும் மாறி). கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் அதே படுகை 40 துணைப்படுகைகளாக இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனியாக மாதிரியை ஓட்டி, பக்கத்துத் துணைப்படுகைக்குக் கசியும் நீரையும் சேர்த்து, ஆண்டுவாரியாகப் படமாக்க பைத்தானில் வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் அந்தக் கசிவு உண்மையிலேயே தேவையா என்று முதலில் முடிவு செய்யுங்கள். தேவையில்லை என்றால் மாதிரியை 40 முறை ஓட்டி, விடைகளைப் படத்தோடு இணைத்தால் போதும். தேவை என்றால் 40-உம் ஒரே கடிகாரத்தில் ஓடியாக வேண்டும்; சிக்கலெல்லாம் அங்கேதான்.

பைஎஸ்டி நூலகம் வென்சிமின் மாதிரிக் கோப்பை (எம்டிஎல்) படித்து பைத்தான் நிரலாக மாற்றித் தரும். அது ஆய்லர் என்ற எளிய படிப்படிக் கணக்கீட்டு முறையில் மட்டுமே கணக்கிடும். வென்சிமில் அதைவிடத் துல்லியமான ருங்கே-குட்டா முறையை வைத்திருந்தால் விடைகள் சற்று விலகும்.

பலரும் செய்வது, ஓர் ஆண்டு ஓட்டி நிறுத்தி, கசிவைப் பைத்தானில் கணக்கிட்டு, புதிய இருப்பைத் தொடக்க மதிப்பாகக் கொடுத்து மறுபடி ஓட்டுவது. மாதிரியில் டிலே (தாமதப்படுத்துவது), ஸ்மூத் (ஏற்ற இறக்கத்தைச் சீராக்குவது) போன்ற சார்புகள் இருந்தால் இது மாட்டிவிடும். அவற்றுக்குள்ளும் இருப்புகள் ஒளிந்திருக்கின்றன. நீங்கள் கொடுக்கும் தொடக்க மதிப்புப் பட்டியலில் அவை வராததால் ஒவ்வோர் ஆண்டும் தாமதம் புதிதாகத் தொடங்கும். மூன்றாம் வரிசை டிலே என்றால் அதை மூன்று இருப்புகளாக விரித்து எழுதிவிடுங்கள். அதைவிட நல்லது, சப்ஸ்கிரிப்ட் (ஒரே சமன்பாட்டைப் பல பகுதிகளுக்கும் பொருத்தும் வசதி) மூலம் 40 துணைப்படுகைகளையும் மாதிரிக்குள்ளேயே வைத்து ஒரே ஓட்டமாக ஓட்டுவது. வென்சிமின் அடிப்படைப் பதிப்பான பிஎல்இயில் சப்ஸ்கிரிப்ட் கிடையாது. அதுதான் கையில் இருக்கிறது என்றால், சமன்பாடுகளைப் பைத்தானின் 'நம்பை' (NumPy) எண்கணித நூலகத்தின் அணிகளாக நீங்களே எழுதுங்கள். பத்துப் பதினைந்து சமன்பாடுகளுக்கு அது பெரிய வேலையில்லை.

எந்தத் துணைப்படுகை எதற்கு அண்டை என்ற அணியை ஜியோபாண்டாஸ் என்ற பைத்தான் வரைபட நூலகத்தில் எடுக்கலாம். அதிலுள்ள 'டச்சஸ்' (எல்லைகள் தொடுகின்றனவா என்ற) சோதனையை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு பாலிகன்கள் (துணைப்படுகைகளின் எல்லை வடிவங்கள்) ஒரு மில்லிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தாலும் அது இல்லை என்றே சொல்லும். ஒவ்வொன்றையும் 1 மீட்டர் விரித்து (பஃபர்), மற்றதை வெட்டுகிறதா என்று பாருங்கள். மூலையில் மட்டும் தொடுபவற்றை நீக்கிவிடுங்கள். இதற்கு முன்பே படத்தை மீட்டர் அலகுள்ள யூடிஎம் போன்ற ஆயத்தொலைவு முறைக்கு மாற்றியிருக்க வேண்டும். டிகிரியில் விட்டால் பரப்பளவும் எல்லை நீளமும் பொருளற்ற எண்களாக வரும். மழையளவு மில்லிமீட்டரில் இருந்தால், 1 சதுர கிலோமீட்டரில் 1 மிமீ என்பது 1,000 கன மீட்டர்.

கசிவைக் கன அளவின் வித்தியாசத்தால் அல்ல, நீர்மட்ட வித்தியாசத்தால் கணக்கிடுங்கள். ஒவ்வொரு படியிலும் எல்லாக் கசிவுகளையும் பழைய மதிப்புகளிலிருந்து எடுத்த பிறகே இருப்புகளைத் திருத்த வேண்டும். ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே போனால், பட்டியலின் வரிசைக்கேற்ப விடை மாறும்.

காலப்படியும், அதாவது ஒரு கணக்கீட்டுப் படி எவ்வளவு காலத்தைக் குறிக்கிறது என்பதும், முக்கியம். ஒரு துணைப்படுகை தன் 4 அண்டைகளுக்கும் மாதத்துக்கு 0.3 பங்கு வீதம் அனுப்புகிறது என்று வையுங்கள். காலப்படி 1 மாதம் என்றால் ஒரே படியில் 1.2 பங்கு போய், இருப்பு எதிர்மறையாகிவிடும். 0.25 மாதம் என்றால் 0.3 பங்குதான் போகும். இருப்பு பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்காதபடி 'மேக்ஸ்' போட்டு மறைத்தால், இல்லாத நீர் அண்டைக்குப் போய்ச் சேரும். படுகைக்குள் வெளியிலிருந்து வரும் நீர், படுகையை விட்டு வெளியேறும் நீர் இரண்டையும் பூஜ்ஜியமாக்கி ஓட்டிப் பாருங்கள். 40 இருப்புகளின் கூட்டுத்தொகை தொடக்கம் முதல் முடிவுவரை மாறக்கூடாது. மாறினால் தவறு கசிவுப் பகுதியில்தான்.

விடைகளைத் துணைப்படுகைக் குறியீடு, தேதி, மதிப்பு என ஒரு வரிக்கு ஒரு மதிப்பாக நீள்வாட்டில் அடுக்கி, பாலிகனோடு இணைத்து ஜியோபேக்கேஜ் என்ற வரைபடக் கோப்பாகச் சேமியுங்கள். பழைய கோப்பு வகையான ஷேப்ஃபைல் புலப்பெயரை 10 எழுத்தில் வெட்டிவிடும். குறியீட்டை உரையாகவே படியுங்கள். எண்ணாகப் படித்தால் '07' என்பது 7 ஆகி, இணைப்பு சத்தமில்லாமல் காலியாக வரும். கியூஜிஐஎஸ் 3.14 முதல் உள்ள டெம்போரல் கன்ட்ரோலர் தேதிப் புலத்தைக் கொண்டு ஆண்டுகளை ஓட்டிக்காட்டும். வண்ண வகுப்பெல்லைகளை எல்லா ஆண்டுக்கும் ஒன்றாகப் பூட்டிவிடுங்கள். கன அளவை வண்ணமிடாமல், பரப்பால் வகுத்த ஆழத்தை வண்ணமிடுங்கள். இல்லாவிட்டால் பெரிய துணைப்படுகையே எப்போதும் நீர்வளம் மிக்கதாகத் தெரியும்.