எந்த இரண்டு கெட்டது?

கேள்வி: என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். போன வருடம் வரை பள்ளிக்கூடத்தில் நடந்ததை ஒன்று விடாமல் ஒப்பிப்பான். இப்போது எதைக் கேட்டாலும் ‘ஒண்ணுமில்ல’. கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நிற்கிறான். கதவைச் சாத்திக்கொள்கிறான். இரவு 11 மணி ஆனாலும் தூங்குவதில்லை. கூடப் படிக்கிற பையன்கள் விளையாட்டில் சேர்த்துக்கொள்வதில்லை என்பது பக்கத்து வீட்டுக் குழந்தை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவனிடம் கேட்டால் ‘தலைவலி’ என்கிறான். இந்த இரண்டுங்கெட்டான் வயதை எப்படித்தான் சமாளிப்பது?
– ஒரு தாய், பொள்ளாச்சி

பதில்: இரண்டுங்கெட்டான் என்று சேர்த்து எழுதினீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு வணக்கம். ‘இரண்டும் கெட்டான்’ என்று பிரித்துப் போட வேண்டும் என ஒரு வாசகர் ஆறு வருடமாக மாதம் ஒரு அஞ்சலட்டை அனுப்பிக்கொண்டிருக்கிறார். மகரம் ககரத்துக்கு முன்னால் ஙகரமாகும் என்று நானும் ஆறு வருடமாகப் பதில் போடுகிறேன். தபால் துறை எங்கள் இருவரால்தான் பிழைக்கிறது.

சரி, எந்த இரண்டு கெட்டது? குழந்தைத்தனம் கெட்டது என்றால் ஒப்புக்கொள்ளலாம். பெரிய மனுஷத்தனம் அவனுக்கு இன்னும் வரவே இல்லையே, வராதது எப்படிக் கெடும்? ராத்திரி உறை ஊற்றி வைத்த பாலை இரண்டு மணிக்கு எழுந்து மூடியைத் திறந்து பாருங்கள். அது பாலும் இல்லை, தயிரும் இல்லை. கெட்டுப்போச்சு என்று யாராவது கொட்டுகிறோமா? பேசாமல் மூடிவிட்டு வந்து படுப்போம்.

வயதைக் கூறுபோடுவதில் நம் முன்னோர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. பிள்ளைத்தமிழில் 3ஆம் மாதம் தொடங்கி 21ஆம் மாதத்துக்குள் பத்துப் பருவம். தலை நிமிர்ந்து ஆடினால் செங்கீரை, கை தட்டினால் சப்பாணி, நிலாவைக் கூப்பிட்டால் அம்புலி. இரண்டு வயது முடிவதற்குள் பத்து! பெண்களுக்கு பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு. நூலுக்கு நூல் கணக்கு கொஞ்சம் மாறும் என்றாலும், பரவலான கணக்குப்படி மங்கை என்பவள் 12, 13 வயதுக்காரி மட்டும்தான். 14 பிறந்தால் மடந்தை. அப்படியானால் ‘மங்கையர் பக்கம்’ என்று தலைப்புப் போட்டு முழங்கால் வலிக்குக் கைவைத்தியம் சொல்கிற பத்திரிகைகள் (நாமும் இரண்டு வருடம் அதைச் செய்தோம்) யாருடைய முழங்காலைப் பற்றிக் கவலைப்பட்டன? பேரிளம்பெண்ணும் 40 வயதோடு முடிந்துவிடுகிறாள். அதற்கப்புறம் பெண்கள் இருப்பதே பாட்டியல்காரர்களுக்கு, அதாவது இந்தக் கணக்கையெல்லாம் வகுத்த செய்யுள் இலக்கண நூல்காரர்களுக்கு, தெரியாது.

ஆண்களுக்குப் பன்னிரு பாட்டியல் தரும் கணக்கு இது: 7 வயது வரை பாலன், 10 வரை மீளி, 11 முதல் 14 வரை மறவோன், 15இல் திறலோன், 16இல் காளை, 17 முதல் 30 வரை விடலை. அதைத் தாண்டினால் முதுமகன். 31 வயதுச் சந்தாதாரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நான் எழுதிய நூல் இல்லை. உங்கள் மகன், அம்மா, மறவோன். அதாவது வீரன். காலையில் ஒரு கால் சாக்ஸ் மட்டும் கையில் இருக்க, இன்னொன்றைத் தேடிக் கண் கலங்கி நிற்கிற வீரன்.

13 வயதுப் பையனை ‘விடலை’ என்றே எழுதிவருகிற ஒரு நாளிதழ் நண்பருக்கு இந்தக் கணக்கை இரண்டு முறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். “விடலைன்னா விட்டேத்தி சார், அவ்வளவுதான்” என்றார். அன்றோடு அவர் வீட்டுக் கல்யாணம் காதுகுத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அரசாங்கம் ‘வளரிளம் பருவத்தினர்’ என்கிறது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் பையனுக்கு மீசை அரும்பிவிடும்.

எனக்குப் பிடித்த சொல் வேறு. மகரக்கட்டு. இப்போது யாரும் அதைச் சொல்லிக் கேட்பதில்லை. நாடகக்காரர்களின் சொல் அது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், எமன் எல்லாமே சிறுவர்கள்தான். மைக் கிடையாது. கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உச்ச ஸ்தாயியில் எட்டிப் பாட வேண்டும். பாட்டுக்குத்தான் கம்பெனியில் மரியாதை. 12, 13 வயது வாக்கில் ஒருநாள் அந்தப் பையனுக்கு மகரக்கட்டு உடையும். குரல்வளை பெரிதாகும், குரல்நாண்கள் நீண்டு தடிக்கும், குரல் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். இறங்கி நேராக உட்கார்ந்துவிட்டாலாவது பரவாயில்லை. பல மாதங்கள் அது மேலும் கீழும் வழுக்கிக்கொண்டே இருக்கும். நேற்றுவரை வள்ளியாகப் பாடியவனுக்கு இன்று பாட்டில்லாத வேடம். அவன் உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, வளர்ந்திருக்கிறான். அதற்குத்தான் இந்தத் தண்டனை.

நான் எந்த நாடகக் கம்பெனியிலும் இருந்ததில்லை. ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடும் மூன்று பேரில் ஒருவன். ஏழாம் வகுப்புதான். மேலே ஏற வேண்டிய இடத்தில் ஒருநாள் என் தொண்டையிலிருந்து ஒரு ஆட்டுக்குட்டி கத்தியது. வரிசையில் நின்ற மொத்தப் பள்ளியும் சிரித்தது. தமிழ்த்தாய் வாழ்த்துக்குச் சிரிக்கக் கூடாது என்பதால் அடக்கி அடக்கிச் சிரித்தார்கள். அது இன்னும் மோசம். மறுநாளிலிருந்து இரண்டு பேர்தான் பாடினார்கள். நான் ஒரு வாரம் வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துக்கிடந்தேன். என்னடா ஆச்சு என்று கேட்ட அம்மாவுக்கு நான் சொன்ன பதில், உங்கள் மகன் சொல்கிற அதே பதில்.

திரும்பிப் போனபோது டிரில் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, மணி அடிக்கிற வேலையைக் கொடுத்தார். தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு, ஒரு இரும்புக் கம்பி. குரல் தேவைப்படாத உத்தியோகம். என் மேல் இரக்கப்பட்டா, அதுவரை மணி அடித்த பையன் டி.சி. வாங்கிக்கொண்டு போனதாலா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அவரும் ஆட்டுக்குட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தலைவலிக்கு வருகிறேன். 2003இல் கலிபோர்னியாவில் சில ஆய்வாளர்கள் கல்லூரி வயதுக்காரர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, திரையில் ஒரு பந்து விளையாட்டு ஆடவிட்டார்கள். மூன்று பேர் பந்தை மாற்றி மாற்றிப் போடுகிற சாதாரண விளையாட்டு. கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் இவருக்குப் பந்து போடுவதை நிறுத்திவிடுவார்கள். அந்த இருவரும் ஆட்களே இல்லை, கணினி நிரல்தான். இருந்தும், உடம்பு வலிக்கும்போது நாம் படுகிற வேதனையோடு தொடர்புடைய மூளைப் பகுதி இதற்கும் விழித்துக்கொண்டது. வளர்ந்தவர்களுக்கு, முன்பின் தெரியாத இருவர் பந்து போடாததற்கே இந்தப் பாடு. ஏழாம் வகுப்பில் பந்து போடாதவர்களுக்குப் பெயர் உண்டு. போன வருடம் வரை அவன் டிபன் பாக்ஸில் கைவிட்டுத் தின்றவர்கள் அவர்கள். தலைவலி என்று அவன் சொன்னது முழுப் பொய் இல்லை.

கண்ணாடி விஷயமும் பழசுதான். இந்த வயதில் பிள்ளைகள் எங்கே போனாலும் எல்லாரும் தங்களையே பார்ப்பதாக நினைக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967இல் அதற்குக் கற்பனைப் பார்வையாளர்கள் என்று பெயர் வைத்தார். மூக்கில் ஒரு பரு வந்தால் ஊரே அதை வேடிக்கை பார்க்கிறது என்று தோன்றுமாம்.

எல்கைண்ட் நம் ஊர்ப் பக்கம் வந்திருந்தால் அந்தக் கற்பனையை அடித்துவிட்டிருப்பார். இதே 12 வயதுப் பெண் ஒருத்தி பெரியவளாகட்டும். நாற்சந்தியில் பத்தடி ஃப்ளெக்ஸ் எழும். மேலே கட்சித் தலைவர், கீழே கூலிங் கிளாஸ் போட்ட தாய்மாமன்கள் வரிசை, நடுவில் கனத்த நகையும் பட்டுப்புடவையுமாக ஒரு குழந்தை. அவள் உடம்பில் நடந்த ஒன்று தேதி, கிழமை, மண்டபத்தின் பெயரோடு ஊருக்கு அறிவிக்கப்படுகிறது. திங்கட்கிழமை பள்ளிக்கூட வேன் அந்த நாற்சந்தி வழியாகத்தான் போகும். கூடவே வகுப்புப் பையன்களும். பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கையலம்பும் ஐந்நூறு பேரைக் கற்பனை என்று எப்படிச் சொல்வது? (ஃப்ளெக்ஸைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது என்று உதவி ஆசிரியர் கதவருகில் வந்து நிற்கிறார்.)

தூக்கத்துக்கு ஒரே வரி: பருவமடையும் காலத்தில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலட்டோனின் சுரப்பதே இரவில் தாமதமாகிறது. கலிபோர்னியாவில் இதற்காகவே 2019இல் சட்டம் போட்டு, நடுநிலைப் பள்ளிகள் காலை 8 மணிக்கு முன்னால் தொடங்கக் கூடாது என்றார்கள். நாம் காலை 6 மணிக்கு டியூஷன் வைக்கிறோம். அவனுடைய செல்போனை ஒன்பதரை மணிக்கு வாங்கி வைத்துவிடுங்கள், உங்களுடையதையும் சேர்த்து. அதற்கு மேல் அவனைக் குற்றம் சொல்ல இதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

என்ன செய்வது என்று கேட்டீர்கள். கதவைத் தட்டிவிட்டுப் போங்கள். ‘யார் யார் உன்னைச் சேர்த்துக்கல?’ என்று விசாரணைக் கமிஷன் வைக்காதீர்கள். கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கிறபோது முகம் பார்க்க வேண்டியதில்லை, வாய் தானாகத் திறக்கும். வகுப்பில் தள்ளிவைக்கிறார்கள் என்றால், தெருவில் ஒரு கேரம் போர்டு, ஒரு சிலம்ப வகுப்பு, அத்தை மகன் ஒருத்தன், இப்படிப் பள்ளிக்கு வெளியே ஒரு கூட்டு கிடைக்கட்டும். அடி, மிரட்டல், காசு பிடுங்குவது என்று தெரிந்தால் அவனுக்குத் தெரிந்தே வகுப்பாசிரியரைத் தனியாகப் பாருங்கள். சோறு இறங்கவில்லை, பள்ளிக்கே போக மாட்டேன் என்கிறான், வாழவே பிடிக்கவில்லை என்பதுபோல் ஏதாவது சொல்கிறான் என்றால் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருக்காதீர்கள். டாக்டரிடம் போங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸ் இருக்கிறது, எந்நேரமும் கூப்பிடலாம்.

பத்திரிகை என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் கடிதத்தில் மகனின் பெயர், பள்ளியின் பெயர், ஏழாம் வகுப்பு என்ன பிரிவு, சேர்த்துக்கொள்ளாத மூன்று பையன்களின் பெயர், எல்லாம் இருந்தன. நல்ல கையெழுத்து, ஒரு எழுத்து விடாமல் வாசிக்க முடிந்தது. ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் பின் அடித்திருந்தீர்கள். பெயர்களை நானே அடித்துவிட்டேன், போட்டோவைத் தனித் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நாற்சந்தி ஃப்ளெக்ஸுக்கும் இந்தப் பக்கத்துக்கும் அகலத்தில்தான் வித்தியாசம்.

தபால் அவன் கையில் சிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த இதழை ஒளித்துவைக்க வேண்டிய அவசியம் இருக்காது. 12 வயதுக்காரர்கள் யாரும் நம் பத்திரிகையைப் படிப்பதில்லை என்று விநியோகப் பிரிவில் உறுதியாகச் சொல்கிறார்கள்.