சுங்கைப் பட்டாணிக்கு வேலைக்கு வரலாமா?

தம்பி, திருச்சியில் இரண்டு வருடம் வெப் டிசைன் பார்த்துவிட்டு, மலேசியாவின் கெடா மாநிலம் சுங்கைப் பட்டாணியில் ஐந்தே பேர் உள்ள ஸ்டூடியோவுக்கு வரலாமா, கோலாலம்பூரில் பெரிய கம்பெனி கிடைக்கும்வரை பொறுக்கலாமா, தமிழை வைத்தே சமாளிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதே மாதிரி ஒரு ஸ்டூடியோவில்தான் ஒன்பது வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். வரலாம். ஆனால் என்ன வேலைக்கு வருகிறோம் என்று தெரிந்து வாருங்கள்.

இந்த ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் பால்மரத் தோட்டங்கள், அதாவது ரப்பர். இப்போது கொஞ்சம் செம்பனை, மிச்சம் தாமான் எனும் குடியிருப்புப் பேட்டை வீடுகள். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள்: மோட்டார் பட்டறை, கேட்டரிங், டியூஷன் சென்டர், கோயில். லோகோ கேட்டால் கடைப் பலகையைக் கீழே நின்று போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்புவார்கள். விவரமெல்லாம் மலாயில் வரும், ஆங்கிலத்தை நாம் போட வேண்டும். தமிழைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டித் தருவார்கள். அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாக விழும். முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் பிறந்த நாட்டில் இன்னும் இந்தக் கூத்து! முன்பணம் சிரித்த முகத்தோடு வரும். மீதியை நாம்தான் போய்த் தே தாரிக் குடித்துக்கொண்டே கேட்க வேண்டும்.

நான் வந்த முதல் தைப்பூசத்துக்கு ஒரு கோயிலுக்குப் பால்குடப் பதிவுப் படிவம் செய்தேன். பெயர்க் கட்டத்தில் எழுத்தும் இடைவெளியும் தவிர எதுவும் ஏறாதபடி கட்டியிருந்தேன், நம் ஊர்ப் பழக்கம். காலை எட்டுக்குத் திறந்தோம். எட்டரைக்குக் கோயில் செயலாளர் போன்: "யார் பேரும் ஏற மாட்டேங்குது தம்பி!" இங்கே பெரும்பாலான தமிழர்களின் அடையாள அட்டையில் பெயர், 'இன்னார் ஏ/எல் இன்னார்' என்று இருக்கும். அனாக் லெலாக்கி, அதாவது மகன். பெண்ணென்றால் ஏ/பி. அந்தச் சாய்கோட்டைத்தான் என் படிவம் வாசலிலேயே நிறுத்தியிருக்கிறது. திருத்த இரண்டு நிமிடம். அதற்குள் வாட்ஸாப்பில் எண்பது பெயர் வந்து சேர, இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாக நானே தட்டினேன். முதலாளி திட்டவில்லை. அவர் அப்பா பேரோடு அவர் பேரை ஒரு தாளில் எழுதி என் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போனார். சாய்கோடு மட்டும் சிவப்பு மையில்.

தமிழ் மட்டும் போதுமா? சாப்பாட்டுக் கடையில் போதும், அலுவலகத்தில் பாதிக்குத்தான். அந்தத் தமிழும் கொஞ்சம் வேறு: காடி என்றால் கார், வெள்ளி என்றால் இந்நாட்டுப் பணமான ரிங்கிட். மலாய் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்காவது வேண்டும். ஆறு மாதத்தில் வந்துவிடும்.

சம்பள விஷயம். ஓர் ஆண்டில் 182 நாள் இங்கே இருந்தால்தான் வரிக் கணக்கில் உள்நாட்டவர் மாதிரி. அதுவரை 30 விழுக்காடு பிடிப்பார்கள். முதல் சம்பளச் சீட்டைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியது. நாள் கணக்கு தேறினால், மறு வருடம் தாக்கல் செய்யும்போது கூடுதலாகப் பிடித்தது திரும்ப வரும். அதனால் முதல் ஆறு மாதம் வீட்டுக்கு இவ்வளவு அனுப்புவேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

எம்ப்ளாய்மெண்ட் பாஸ், அதாவது வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி, அதன் ஒப்புதல் கடிதம் கைக்கு வராமல் விமானம் ஏறவே கூடாது. இந்தியர்களை இப்போது 30 நாள் விசா இல்லாமல் உள்ளே விடுகிறார்கள். "அதில் வா, அப்புறம் மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள். அதில் வந்து வேலை செய்யக் கூடாது. பாஸும் அந்த ஒரு கம்பெனிக்குத்தான், ராத்திரியில் தனியாக ஆர்டர் பிடிக்கிற ஆசை வேண்டாம். பாஸ்போர்ட் உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று, கெடாவில் அரசாங்க ஆபீஸுக்கும் பள்ளிக்கும் வெள்ளி, சனி லீவு. எங்களுக்கும் அப்படியே. ஆனால் பக்கத்துப் பினாங்கில் சனி, ஞாயிறு. வெள்ளிக்கிழமை நாம் தூங்கும்போது பினாங்கு வாடிக்கையாளர்கள் கூப்பிடுவார்கள், ஞாயிறு நாம் கூப்பிட்டால் எடுக்க மாட்டார்கள். கோலாலம்பூரிலிருந்து ரயில் நேரே இங்கே வருகிறது. சனிக்கிழமையாகப் பார்த்து டிக்கெட் போடுங்கள், ஸ்டேஷனுக்குக் காடி எடுத்து வருகிறேன்.