மூடிய நோட்டு

அன்புள்ள சார்,

கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். சிவில் முடித்து இரண்டு வருடம் புதுச்சேரியில் வேலை பார்த்தேன். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி நம் ஊர்ப்பக்கம் ஏறியதே, அப்போதுதான் நீர்வளப் பொறியியல் படிக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். ஜெர்மனியில் முதுகலைக்கு இடம் கிடைத்துவிட்டது. நம் படிப்புச் சான்றுகளை ஜெர்மனிக்காகச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் விசாவும் கையில் இருக்கின்றன. அக்டோபரில் வகுப்பு.

அப்பாவுக்குச் சின்ன மளிகைக் கடை. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து எனக்குக் கல்விக்கடன் வாங்கியிருக்கிறார். அம்மாவுக்குச் சர்க்கரை. யாரைக் கேட்டாலும் "நீ நிம்மதியா போய்ட்டு வா, இங்க நாங்க பாத்துக்கறோம்" என்கிறார்கள். அந்த வார்த்தைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ராத்திரி கடையை அடைத்துவிட்டு வந்து அப்பா திண்ணையில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார். நான் பக்கத்தில் போனால் மூடிவிடுகிறார். இவர்களை இப்படி விட்டுவிட்டுப் போவது சுயநலமா சார்? பெயர் வெளியிட வேண்டாம்.

ம.

அன்புள்ள ம.,

சுயநலம் இல்லை. போய்ப் படியுங்கள். கெடிலமும் பெண்ணையாறும் கடலில் கலக்கும் ஊரில் பிறந்த ஒரு பெண் வெள்ளத்தைப் பார்த்துவிட்டு அதையே படிக்கப் போகிறேன் என்பதில் எனக்கு இருக்கும் சந்தோஷம் கொஞ்சமில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்தக் கேள்வியை அல்ல, அப்பா மூடிவிடும் நோட்டைப் பற்றிய வரியை. அதற்குத்தான் இந்தப் பதில்.

நானும் 2003 அக்டோபரில் ஜெர்மனிக்குப் படிக்கப் போனவன். அப்பாவுக்குத் திருப்பாப்புலியூரில் அரிசிக்கடை. கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் என்னைப் பாடலீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிரகாரத்தில் உட்காரவைத்து, கல்லோடு கட்டிக் கடலில் போட்ட அப்பர் மிதந்து வந்து நம் ஊரில் கரையேறிய கதையைச் சொன்னார். கரையேறவிட்டகுப்பம் என்று பேர் வந்த கதை, சின்ன வயதிலிருந்து நூறு தடவை கேட்டது. சொல்லி முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. வேறு எதையோ சொல்ல வந்திருக்கிறார் என்று தெரிந்தது. எவ்வளவு கடன், யாரிடம், என்ன வட்டி என்பதைத்தான் சொல்ல நினைத்தாராம். இது பல வருடம் கழித்து அம்மா சொல்லித் தெரிந்தது. அன்றைக்கு நானும் கேட்கவில்லை. சுண்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

முதல் செமஸ்டரில் ஒரு பாடத்தில் தோற்றேன். அங்கே மதிப்பெண் நம் வழக்கத்துக்குத் தலைகீழ். 1 என்றால் முதல் தரம், 4 வரை தேர்ச்சி, 5 என்றால் தோல்வி. போனில் அப்பா "எவ்வளவுடா?" என்று கேட்டார். "அஞ்சுப்பா" என்றேன். "அஞ்சுக்கா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் அம்மா போனில், அப்பா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பையன் அஞ்சுக்கு அஞ்சு வாங்கியிருக்கிறான் என்று சொல்கிறார் என்றாள். ஹாஸ்டல் படிக்கட்டில் போன் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஒன்றை இங்கே தெரிந்துகொள்ளுங்கள். நம் கல்லூரிகளில் அரியர் வைத்து வைத்து எழுதும் பழக்கம் நமக்கு உண்டு. ஜெர்மனியில் பல பல்கலைக்கழகங்களில் ஒரு கட்டாயப் பாடத் தேர்வுக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றும் போனால் அந்தப் படிப்பையே தொடர முடியாது. முதல் தடவை தவறுவது அங்கே சாதாரணம், பேராசிரியரிடமே போய் விடைத்தாளைப் பார்க்கலாம், எங்கே தவறு என்று கேட்கலாம். நான் வெட்கத்தில் யாரிடமும் போகாமல் இரண்டாவது தடவையும் தோற்றேன். வீட்டில் மறைத்த விஷயத்தை வெளியிலும் யாரிடமும் கேட்க வாய் வரவில்லை. மூன்றாவது தடவை தேறினேன். அந்த வருடம் நான் தூங்கிய தூக்கம் தூக்கமே இல்லை.

அது என் பக்கத்துப் பொய். அப்பா பக்கத்திலும் ஒன்று இருந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அங்கே கிறிஸ்துமஸ் விடுமுறை, கடைகள் எதுவும் கிடையாது. காலையில் ஹாஸ்டல் சமையலறைத் தொலைக்காட்சியில் கடல் ஊருக்குள் வருவதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கடலூர் என்று வாசித்ததும் ஓடினேன். அன்றைக்கு எத்தனை முறை எண்ணை அழுத்தினேன் என்று கணக்கில்லை. ராத்திரிதான் லைன் கிடைத்தது. "தண்ணி நம்ம தெருவுக்கு வரல. எல்லாரும் நல்லா இருக்கோம். நீ சாப்டியா?" என்றார் அப்பா. "சிங்காரத்தோப்பு மாமா?" என்று கேட்டேன். அப்பாவின் சிநேகிதர், மீனவர். ஞாயிறு தவறாமல் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருபவர். "இருக்கார்" என்றார்.

அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை கேட்டேன். இருக்கார், இருக்கார் என்றே சொன்னார். அடுத்த அக்டோபரில் லீவுக்கு வந்தபோது, மாமாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளை எடுத்தேன். அப்பா வாசலுக்கு வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். மாமா சுனாமி வந்த அன்றைக்குக் காலையிலேயே போய்விட்டிருந்தார். தேடி எடுத்து அடக்கம் செய்ததும் அப்பாதான். "நீ அங்க தனியா இருந்தியேடா, எதுக்குச் சொல்லணும்னுதான்" என்றார். பத்து மாதம் அந்தத் துக்கத்தை ஒருவரோடும் பேசாமல் போனில் என்னோடு சிரித்துப் பேசியிருக்கிறார். நானும் அஞ்சு விஷயத்தை அன்றைக்குத்தான் சொன்னேன். ரொம்ப நேரம் இரண்டு பேரும் வாசலிலேயே நின்றோம்.

பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போவதால் குடும்பம் உடைவதில்லை ம. பாசத்தால் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொள்வதில்தான் உடைகிறது. "நாங்க பாத்துக்கறோம்" என்ற வார்த்தையைக் கண்டு நீங்கள் பயப்படுவது சரிதான். அதில் நிஜமான அன்பும் இருக்கிறது, மூடிய நோட்டும் இருக்கிறது.

அந்த நோட்டில் என்ன இருக்கும் என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. தவணை கட்டுவது பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் ஆரம்பிக்கும், ஆனால் வட்டி பணம் வாங்கிய நாளிலிருந்தே ஓடும். அதைத்தான் மாசாமாசம் எழுதிப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் பிளாக்டு அக்கவுன்டில் போட்ட 11,904 யூரோ, 12 லட்சம் ரூபாய்க்கு மேல், கட்டணமாகப் போய்விட்டது என்றுகூட நினைத்துக்கொண்டிருக்கலாம். நிறைய அப்பாக்கள் அப்படி நினைக்கிறார்கள். அது உங்கள் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமான பணம், மாதம் 992 யூரோவாக உங்கள் கைக்கே வரும் என்று விளக்கிச் சொல்லுங்கள். பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் கிடையாது, சில நூறு யூரோ செமஸ்டர் தொகை மட்டும்தான். உங்களுடையது பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் என்றால் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டிவரும். அதையும் நோட்டில் எழுதுங்கள். வருடத்துக்கு 140 முழுநாள் வேலை பார்க்க அனுமதி உண்டு, ஆனால் முதல் செமஸ்டரில் அந்த வருமானத்தை நம்பி ஒரு ரூபாய்கூட எழுதவேண்டாம். மொழி பிடிபட்டு வேலை கிடைக்க நாளாகும்.

அம்மா விஷயத்தில், "சுகர் எப்படிம்மா?" என்று கேட்காதீர்கள். நல்லா இருக்கு என்றுதான் பதில் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பதிலுக்கு உங்கள் மதிப்பெண் பட்டியலை அப்படியே அனுப்புங்கள், 5 என்றால் 5 என்று. ஞாயிற்றுக்கிழமை பேசுங்கள். அன்றைக்கு அங்கே கடைகள் மூடியிருக்கும், டிசம்பரில் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும், மனசு மிகவும் சோர்ந்துபோகும் நாள் அதுதான். குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம். அங்கே மதியம் இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் இங்கே சாயங்காலம் ஆறரை, விளக்கு வைக்கிற நேரம்.

கல்விக்கடனில் பிரதானக் கடன்தாரர் மாணவர்தான். அப்பா உங்களோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டவர். ஆகவே அந்த நோட்டு உங்களுடையதும்கூட. இன்றைக்கு ராத்திரி அவர் திண்ணைக்கு வரும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். மூடினால், "என் பேர்ல இருக்கற கடன்தானேப்பா, காட்டுங்க" என்று கேளுங்கள். போகும்போது ஒரு பேனாவும் எடுத்துக்கொண்டு போங்கள்.