கொன்றை மறைத்த கேள்வி

சிறுநீர் செம்பழுப்பாகப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சிறுநீரகம் போய்விட்டதோ என்ற பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். மலச்சிக்கலுக்கென்று ஒரு காணொளியைப் பார்த்து, எட்டு மாதமாக இரவுதோறும் சரக்கொன்றைப் புளியைக் கரைத்துக் குடிக்கிறீர்கள். காய்க்குள் இருக்கும் அந்தக் கருஞ்சதையில் ஆந்த்ராகுவினோன் வகைப் பொருட்கள் உண்டு. வெளியேறும்போது சிறுநீருக்குச் செம்பழுப்புச் சாயம் ஏற்றிவிட்டுப் போகும். மூன்று நாள் நிறுத்திப் பாருங்கள். நிறம் தெளியாவிட்டால் சிறுநீரில் ரத்தம் இருக்கிறதா என்று ஒரு பரிசோதனை. நீங்களோ நடுராத்திரியில் இணையத்தில் தேடி டயாலிசிஸ் வரை போய்த் திரும்பியிருக்கிறீர்கள்.

கொன்றையை நான் பழிக்க மாட்டேன். சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் வெகுகாலமாகக் கையாளும் மலமிளக்கி அது. நிலாவரையும் அதே குணம்தான். பெருங்குடல் நுண்ணுயிர்கள் உடைத்துக் கொடுத்த பிறகே வேலை செய்யும் என்பதால் இரவு குடித்தால் காலையில் போகிறது. ஆனால் நாலைந்து நாளைக்கான மருந்தை எட்டு மாதம் குடித்தால் உடம்பிலிருந்து பொட்டாசியமும் சேர்ந்து போகும். ரத்தக் கொதிப்புக்கு நீர் பிரியும் மாத்திரை வேறு எடுக்கிறீர்கள், அதுவும் பொட்டாசியத்தை இறக்கும். கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது அதனால் இருக்கலாம். நெஞ்சு படபடத்தாலோ கைகால் சோர்ந்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "மூலம் இருக்கிறது போல, அவ்வப்போது கொஞ்சம் ரத்தம்." அதைத்தான் நான் மூன்று முறை படித்தேன்.

54 வயதுவரை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று ஏன் மலச்சிக்கல் வந்தது? நீங்களும் கேட்கவில்லை, காணொளியில் கொன்றையைப் புகழ்ந்தவரும் கேட்கவில்லை. போய்விட்டு வந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோலத் தோன்றுகிறது என்கிறீர்கள். நான்கு கிலோ இறங்கியதை, குடல் சுத்தமானதற்கு அடையாளம் என்று சந்தோஷப்பட்டிருக்கிறீர்கள். எனக்குச் சந்தோஷமாக இல்லை. மூலத்திலும் ரத்தம் வரும், பெருங்குடல் புற்றுநோயிலும் வரும். நிறத்தைப் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல என்னாலும் முடியாது. மூலம் இருப்பவருக்கு மற்றது வராது என்றும் இல்லை. உங்களுக்குப் புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. இந்த வயதில், புதிதாக வந்த மலச்சிக்கல், ரத்தம், எடை இறக்கம் மூன்றும் சேர்ந்திருக்கும்போது, பார்க்காமல் விடக்கூடாது என்கிறேன்.

இந்த வாரமே குடல்நோய் மருத்துவரிடம் போங்கள். விரலால் ஆசனவாயைச் சோதிப்பார், கூச்சப்பட்டுத் தட்டிக்கழிக்காதீர்கள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், ஆண்களுக்கான அளவான 13 கிராமுக்குக் கீழே இருந்தால் அவசரம் இன்னும் கூடுகிறது. அதே ரத்தத்தில் பொட்டாசியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், கொலோனோஸ்கோப்பிக்காக, அதாவது கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனைக்காக, குடலைக் கழுவும் மருந்து குடிப்பதற்குமுன் அதைச் சரிசெய்தாக வேண்டும். உள்ளே பாலிப் எனப்படும் சிறு கட்டி இருந்தால் பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடுவார்கள். அது புற்றாக மாறப் பல ஆண்டுகள் பிடிக்கும், அதற்குள் எடுத்தால் தீர்ந்தது. இடையில் வயிறு உப்பி, வலித்து, வாந்தியும் வந்தால் எந்த மலமிளக்கியும் வேண்டாம், நேராக மருத்துவமனைதான்.

கொன்றை குடித்த கதையை அங்கே மறைக்காதீர்கள். குடலின் உட்சுவர் கருத்துப்போயிருக்கலாம். அதற்கு மெலனோசிஸ் என்று பெயர். கெடுதல் இல்லை, நிறுத்திய சில மாதங்களில் தானாக மங்கிவிடும். அறிக்கையில் அந்தச் சொல்லைக் கண்டதும் மறுபடி தேடக் கிளம்பிவிடாதீர்கள்.