துணைக்கு யார் வந்திருக்கிறார் என்று முதலில் கேட்காதீர்கள்

கேள்வி: மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களைப் போலவே தேர்தலில் பங்கெடுக்க என்ன மாற்றம் வேண்டும்?

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அதனால் எனக்குத் தெரிந்த பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

முதல் ஓட்டு 2011 சட்டமன்றத் தேர்தலில். சித்தப்பா கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். வாக்குச்சாவடியில் இருந்தவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "பாப்பா கூட வந்தது நீங்கதானே? நீங்களே போட்டுடுங்க சார்" என்று சித்தப்பாவிடம் சொன்னார். மறைப்புக்குள் போனதும் எந்தச் சின்னம் என்று சித்தப்பா கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் நீளமாக ஒரு பீப். நான் சொன்னதைத்தான் அழுத்தினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் நான் சொன்ன சின்னம் என்ன என்பது அன்று சாயங்காலமே அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வீடு மொத்தமும் வேறு கட்சி.

சித்தப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. துணைக்கு வருபவர் வாக்கை ரகசியமாக வைத்திருப்பேன் என்று உறுதி தர வேண்டும் என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. 1961ஆம் ஆண்டுத் தேர்தல் விதிகளில் 49என் என்ற விதி, உதவியில்லாமல் வாக்களிக்க முடியாதவருக்குத்தான் துணையை அனுமதிக்கிறது. என்னால் முடியுமா என்று யாரும் கேட்கவில்லையே, அதுதான் வலித்தது.

2019 மக்களவைத் தேர்தலில் அதே பள்ளிக்கூடம், வேறு அலுவலர். "பிரெய்ல் தாள் இருக்கும்மா, நீங்களே போடறீங்களா?" என்றார். கெட்டித் தாளில், விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தில் வேட்பாளர்களின் பெயரும் எண்ணும். படித்துவிட்டு உள்ளே போனேன். இயந்திரத்தில் பொத்தான்களை ஒட்டி வலது ஓரத்தில் 1 முதல் 16 வரை பிரெய்ல் எண்கள் இருக்கும். விரலை மேலிருந்து இறக்கிக்கொண்டே வந்தேன். நான்கு புள்ளி சதுரமாகத் தட்டுப்பட்டால் ஏழு. ஏழில் நின்றேனா, முன்பே நின்றேனா, தாண்டிப் போனேனா என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். வெளியே வந்தபோது கை நடுங்கியது.

இந்தப் பிரெய்ல் எண்கள் 2004-லேயே ஐதராபாத் ஆசிஃப்நகர் இடைத்தேர்தலில் சோதித்துப் பார்க்கப்பட்டவை. ஆக, கருவி எப்போதோ வந்துவிட்டது. மேசைக்குப் பின்னால் இருப்பவர் எங்களிடம் நேராகப் பேசுவதுதான் வர வேண்டும். தேர்தல் பணிக்கான பயிற்சி வகுப்பில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

இன்னொன்று, விவிபாட். நாம் போட்ட ஓட்டு யாருக்கு விழுந்தது என்று சீட்டில் அச்சிட்டுக் காட்டும் இயந்திரம். எல்லோருக்கும் ஏழு விநாடி சீட்டு தெரிகிறது, சரிபார்த்துக்கொள்கிறார்கள். எனக்கு பீப் சத்தம் மட்டும். ஒரு காதொலிக் கருவி வைத்து எண்ணைச் சொல்ல வைக்க முடியாதா?

வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதியைப் பலர் பெரிதாகச் சொல்வார்கள். 2024 தேர்தலில் 85 வயதைத் தாண்டியவர்களும் 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ளவர்களும் 12டி படிவம் கொடுத்து அப்படி வாக்களிக்கலாம் என்று இருந்தது. படுக்கையில் இருப்பவர்களுக்கு அது வரம்தான். ஆனால் அதைக் காட்டி சாவடியில் சாய்தளம் போடாமல் விட்டுவிடக்கூடாது. எனக்கு வரிசையில் நிற்கப் பிடிக்கும்.

2025-ல் நம் சட்டமன்றம் மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி அமைப்புகளுக்கு நியமிக்கச் சட்டம் இயற்றியது. மனதார வரவேற்கிறேன். நியமனத்தோடு நிற்காமல் கட்சிகள் எங்களுக்குப் போட்டியிடவும் சீட்டு தர வேண்டும்.

கடைசியாக, யாரும் பேசாத ஒன்று. ஊராட்சித் தேர்தலில் இன்னும் காகிதச் சீட்டுதான். வார்டுக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். நான்கும் என் கைக்கு ஒரே வழவழப்பு. முத்திரையை எங்கே குத்துவது? 2019 டிசம்பரில் எங்கள் ஊரில் மறுபடியும் சித்தப்பாதான் குத்தினார். கானா, சியரா லியோன் போன்ற நாடுகளில் வாக்குச்சீட்டைச் செருக, தடவிப் பார்த்து இடம் கண்டுபிடிக்கும் அட்டை உறை கொடுத்திருக்கிறார்கள். வெறும் அட்டையும் துளைகளும்தான், மின்சாரம்கூட வேண்டாம். அடுத்த ஊராட்சித் தேர்தலுக்குள் அதைக் கேட்டு மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு எழுதப் போகிறேன். உங்கள் ஊரில் பார்வையற்றவர் யாராவது இருந்தால் அவரையும் எழுதச் சொல்லுங்கள்.