வாசகர் கேள்வி – பதில்: வளர்ப்புக் கூடாரத்தின் உயரத்தைக் கூட்டலாமா?

கேள்வி: எங்கள் வீட்டின் நிலக்கீழ் அறையில், 60 × 120 செ.மீ. தரையளவும் 150 செ.மீ. உயரமும் உள்ள குரோ டென்டில் (கம்பிகளின் மேல் துணி போர்த்தி, உள்ளே விளக்கைத் தொங்கவிட்டுச் செடி வளர்க்கும் கூடாரம்) குளிர்காலம் முழுவதும் கறிவேப்பிலைச் செடியை வைத்திருக்கிறேன். இந்த ஆண்டு அதன் கொழுந்து எல்.இ.டி. விளக்கை எட்டிக் கருகத் தொடங்கிவிட்டது. கூடாரத்தை இன்னும் உயரமாக்க முடியுமா?
– வாசகி ஒருவர், ஸ்காபரோ, கனடா

பதில்: முடியும். ஆனால் துணியில் கத்திரியை வைப்பதற்கு முன், இருக்கும் 150 செ.மீ. எங்கே செலவாகிறது என்று அளந்து பாருங்கள். தொட்டிக்கு 30, விளக்குக்கும் அதைத் தாங்கும் கயிற்றுக்கும் 25, விளக்குக்கும் இலைக்கும் இடையே விட வேண்டிய இடைவெளிக்கு 40 என்று கழித்தால், செடிக்கு மிஞ்சுவது 55 செ.மீ. மட்டுமே.

இவற்றுள் எளிதாக மீட்கக்கூடியது விளக்கின் மேலே வீணாகும் இடம்தான். விளக்கைத் தொங்கவிடும் ராட்செட் கயிற்றை (இழுத்தால் நழுவாமல் இறுகும் கயிறு) எவ்வளவு இழுத்துக் கட்டினாலும், அதன் கப்பியும் கொக்கியும் ஓரளவு உயரத்தை எடுத்துக்கொள்ளும். அதை அகற்றிவிட்டு, நான்கு சிறிய சங்கிலித் துண்டுகளால் விளக்கை மேல் கம்பியிலேயே மாட்டினால் சுமார் 15 செ.மீ. கிடைத்துவிடும். விளக்கின் முதுகில் காற்று ஓடச் சில செ.மீ. இடம் விட வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். வெளியேற்று விசிறியும் கரி வடிகட்டியும் உள்ளே தொங்கினால் அவற்றையும் வெளியே எடுத்துவிடலாம். கறிவேப்பிலை வாசனையை எவராவது வடிகட்டுவார்களா?

இதுவும் போதவில்லையென்றால், கூடாரத்தை மேலே நீட்டாமல் அடியிலிருந்து உயர்த்துங்கள். அதாவது, கூடாரம் அப்படியே ஒரு மரச்சட்டத்தின் மேல் நிற்க வேண்டும். தொட்டியோ சட்டத்திற்குள்ளே, அறையின் தரையில் இருக்க வேண்டும். மரக்கடையில் ‘2 × 12’ என்று விற்கும் பலகையின் உண்மை அளவு 1½ × 11¼ அங்குலம். ஆகவே உங்களுக்குக் கூடுவது ஓரடி அல்ல, 28.5 செ.மீ. ஒன்றரை அங்குலக் கனம் இருப்பதால் மூலைக் கால்கள் பலகையின் விளிம்பில் நன்றாக அமரும். கூடாரத்தின் வெளியளவை நம்பிப் பலகையை அறுக்காதீர்கள். கூடாரத்தின் கம்பி எலும்புக்கூட்டை மட்டும் பூட்டி, ஒரு காலின் நடுவிலிருந்து மறு காலின் நடுவரை அளந்து அறுங்கள். அடிக் கம்பிகளைக் குழாய் கிளாம்ப்களால் பலகையோடு திருகி முடுக்கிவிட்டால், யாராவது இடித்தாலும் கூடாரம் சட்டத்தைவிட்டு நழுவாது. பிறகு அடித்துணியை நான்கு பக்கமும் 10 செ.மீ. விளிம்பு விட்டு வெட்டி, அவ்விளிம்பைப் பலகையின் உட்புறமாக மடித்து ஸ்டேப்லர் ஆணி அடியுங்கள். பலகையின் உட்பக்கத்திற்குப் பளபளப்பில்லாத வெள்ளைப் பெயின்ட் போதும். அடித்துணி போய்விடுவதால், தொட்டிக்குக் கீழே விளிம்புயர்ந்த தட்டு ஒன்று கட்டாயம் தேவை.

இரண்டு வேலைகளும் முடிந்தால் செடிக்குரிய உயரம் 55-லிருந்து ஏறத்தாழ 98 செ.மீ. ஆகும். கூடாரத்தின் மொத்த உயரம் 178 செ.மீ. சொச்சம் என்பதால், கூரை தாழ்ந்த பழைய வீடுகளிலும் இது பெரும்பாலும் அடங்கும். உங்கள் அறையின் கூரை 210 செ.மீ.-க்கு மேல் இருந்தால், இவ்வளவு பாடுபடாமல் இதை விற்றுவிட்டு 200 செ.மீ. கூடாரம் வாங்குவதே என் யோசனை. துணியை வெட்டிய பிறகு உத்தரவாதமும் இருக்காது, வாங்க ஆளும் கிடைக்காது.

கருகிய கொழுந்தை எப்படியும் கிள்ளிவிடுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே பக்கக் கிளைகள் வெடிக்கும். சமையலுக்கு வேண்டியது இலைதானே தவிர நெடிய தண்டு அல்ல. செடி உயர உயர மேலிலைகள் கீழிலைகளுக்கு நிழலாகிவிடுவதால், ஒற்றை விளக்கின் கீழ் ஒரு மீட்டருக்கு மேல் வளர்த்து அதிக இலை பறிக்க முடியாது.

கேள்வி: என்னுடைய கூடாரம் 120 × 120 × 180 செ.மீ. நான்கு கால்களின் நடுவே குழாய்த் துண்டுகளைச் செருகி ஓரடி நீட்டி, துணி போதாத இடத்தை வெள்ளைப் பிளாஸ்டிக் தாளால் மூடினால் என்ன?
– வாசகர் ஒருவர், மிசிசாகா

பதில்: கூடாரத்துணி கூரையும் தரையும் சேர்த்துத் தைத்த ஒரு மூடிய பை. கால்களை நீட்டினால் அதை எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும். நடுவில் வெட்டினால் கதவின் ஜிப் அறுந்துவிடும். எனவே இம்முறையிலும் வெட்டு அடியில்தான் விழ வேண்டும். தாளைத் தரையோரமாகப் பாவாடைபோல் சுற்ற வேண்டும். விசிறி காற்றை வெளியே இழுக்கும்போது கூடாரத்தின் சுவர்கள் உள்ளே குழியும் என்பதால், தாளை வெறும் ஒட்டுநாடாவால் மட்டும் பிடித்து வைத்தால் சில நாட்களில் பிய்ந்துவிடும்.

குழாயில் ஒரு சிக்கல் உண்டு. பல கூடாரங்களின் கம்பி 16 அல்லது 19 மி.மீ. தடிப்புள்ளது. அரை அங்குலம் என்று விற்கும் ஈ.எம்.டி. மின்குழாயின் (மின்கம்பிகளை உள்ளே செலுத்தும் உலோகக் குழாய்) உள்விட்டம் 15.8 மி.மீ. ஆகையால், 16 மி.மீ. கம்பி அதற்குள் மயிரிழையில் நுழையாமல் நின்றுவிடும். முக்கால் அங்குலக் குழாயின் உள்விட்டம் 20.9 மி.மீ.; அதில் 19 மி.மீ. கம்பி நுழையும், ஆனால் ஆடும். அலுமினிய நாடாவைக் கம்பியில் சுற்றி இறுக்கமாக்கி, இரு முனையிலும் 15 செ.மீ.யாவது உள்ளே செல்லுமாறு செருகித் திருகாணி போட வேண்டும். உங்கள் கூடார நிறுவனமே நீட்டிப்புக் கம்பிகளை விற்றால் அவற்றையே வாங்குங்கள். வேறு நிறுவனத்தின் கம்பி பொருந்தும் என்று நம்பிப் பணத்தை விடாதீர்கள்.

பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தாங்கும் எடை, நீட்டாத கூடாரத்துக்கே உரியது. நீட்டிய பிறகு விளக்கின் எடையைக் கம்பிகளில் ஏற்றாமல், கூரைத் துணியில் துளையிட்டு, அறைக் கூரையின் மர உத்தரத்தில் கொக்கி திருகி அங்கிருந்து தொங்கவிடுவதே பாதுகாப்பு. சூடாக்கிக் குழாயிலோ தண்ணீர்க் குழாயிலோ எதையும் தொங்கவிட வேண்டாம்.

கேள்வி: இப்படி உயர்த்திய கூடாரத்தில் முருங்கை வளர்க்கலாமா?
– வாசகி ஒருவர், மார்க்கம்

பதில்: கீரைக்காக என்றால் வளர்க்கலாம், காய்க்காக என்றால் வேண்டாம். வெப்பநாட்டு மண்ணில் முருங்கை ஓராண்டிலேயே மூன்று மீட்டரைத் தாண்டிவிடும். அதற்கு ஈடுகொடுக்கும் கூடாரம் எதுவும் இல்லை. தண்டை 60 செ.மீ. உயரத்தில் வெட்டி, துளிர்க்கும் கிளைகளையும் அவ்வப்போது ஒடித்துவந்தால், நீங்கள் கூடாரத்தை உயர்த்தவே வேண்டியதில்லை.