ஃபேன்டசி ரோல்பிளே ஆட்டங்களில் மந்திரமும் மனோசக்தியும் ஒன்றுதானே, பிறகு ஏன் இரண்டாகப் பிரிக்கிறார்கள்?

மந்திரவாதியும் அடுத்தவர் மனதைப் படிக்கிறான், மனோசக்தி உள்ளவனும் படிக்கிறான், அப்படியிருக்க எதற்கு இரண்டு பெயர், தனித்தனி விதிகள் என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் நண்பர்கள் சிலர் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை ஆட்டம் அது. கதையைச் சொல்லி, மற்ற பாத்திரங்களையெல்லாம் பேசி ஆட்டத்தை நடத்தும் வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிவதில்லை. பலன் ஒன்றாகவே இருக்கட்டும். மந்திரம் போடுவது பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தெரிந்துவிடும், மனோசக்தி தெரியாது. என்னைப் பொறுத்தவரை மற்ற வேறுபாடுகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

அந்த ஆட்டத்தின் விதிப்புத்தகத்தில், 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தீப்பந்து வீச வேண்டுமென்றால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கையால் முத்திரை காட்ட வேண்டும், கொஞ்சம் வௌவால் எச்சமும் கந்தகமும் வேண்டும். எண்ணங்களை அறியும் மந்திரத்துக்கும் சொல் உண்டு, கையசைவு உண்டு, ஒரு செப்புக் காசும் வேண்டும். அதாவது, விருந்தில் எதிரே உட்கார்ந்திருக்கும் வணிகன் பொய் சொல்கிறானா என்று பார்க்க, அவன் முகத்துக்கு நேராகவே காசை எடுத்துவைத்து ஓத வேண்டும். வணிகன் எழுந்துவிடுவான், காவலன் வாளை உருவுவான், அறையில் இன்னொரு மந்திரவாதி இருந்தால் நடுவிலேயே முறித்துவிடுவான். வாயைக் கட்டிக் கையைப் பின்னால் முறுக்கிவிட்டால் பெரிய மந்திரவாதியும் பாதி ஆள்தான்.

அதே பதிப்புக்கு 2020இல் வந்த துணைப் புத்தகம் ஒன்றில், மந்திரத்தை மனதாலேயே ஏவும் ஒரு வகை மந்திரவாதி வருகிறான். ஆட்ட அனுபவத்தால் வளர்ந்து ஆறாம் நிலையை எட்டியதும் அவனுக்கு எண்ணங்களை அறியச் சொல்லும் வேண்டாம், அசைவும் வேண்டாம், காசும் வேண்டாம். எங்கள் குழுவில் ஒருவர் அப்படிப்பட்ட பாத்திரத்தோடு வந்து சேர்ந்தார். நான் வாரக்கணக்கில் கட்டிய அரண்மனைக் கொலைக் கதை அது. அமைச்சர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர், “நான் பழரசம் குடித்துக்கொண்டே அவர் மனதைப் படிக்கிறேன்” என்றார். மேசையில் மற்ற அனைவரும் என்னைப் பார்த்தார்கள். அமைச்சர் பல்வலியைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றேன். ஏமாற்று வேலை என்று நினைக்காதீர்கள், விதியே அதற்கு இடம் தருகிறது. முதலில் கிடைப்பது மேலோட்டமான எண்ணம் மட்டுமே. ஆழமாகத் துழாவினால் அமைச்சர் பகடை உருட்டித் தப்பிக்கப் பார்க்கலாம், தப்பினாலும் தப்பாவிட்டாலும் தன் மனதைத் துழாவுகிறவன் யார் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். நண்பர் துணிந்து துழாவினார். குற்றவாளி யார் என்று இவருக்குத் தெரிந்துவிட்டது, இவருக்குத் தெரியும் என்பது அமைச்சருக்கும் தெரிந்துவிட்டது, சபையில் வேறு ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. யாரிடம் போய் யார் புகார் கொடுப்பது? அன்றைக்கு ஆட்டம் நள்ளிரவைத் தாண்டிப் போனது. காசை வைத்து ஓதும் மந்திரத்தால் இந்தக் காட்சி நடந்திருக்காது.

நம் பக்கத்தில் இந்தப் பிரிவு பழையது. மந்திரம் என்றால் குரு உபதேசிக்க வேண்டும், உரு ஏற்ற வேண்டும், செப்புத் தகட்டில் யந்திரம் கீற வேண்டும், உச்சரிப்புப் பிசகக் கூடாது. சித்தி மூச்சிலும் உடம்பிலும் விளைவது. கல்லைச் சுற்றிவந்து முணுமுணுக்கிற மந்திரத்தைச் சிவவாக்கியர் எள்ளி நகையாடியது நமக்குத் தெரியும். இறந்துபோன இடையன் மூலனின் உடலுக்குள் திருமூலர் புகுந்த கதையில் வேள்வியும் இல்லை, தகடும் இல்லை. அணிமா முதல் வசித்துவம் வரையிலான எட்டுச் சித்திகளைப் பட்டியலிடுகிற மரபே, அவற்றில் மயங்கி நின்றுவிடாதே என்றும் எச்சரிக்கிறது. ஆட்டம் நடத்துபவருக்கு அந்த எச்சரிக்கை ஒரு புதையல். சக்தியைப் பயன்படுத்தப் பயன்படுத்தப் பாத்திரம் தான் போக வேண்டிய வழியிலிருந்து விலகுகிறது என்று வைத்துப் பாருங்கள், மந்திரவாதிக்கு இல்லாத ஒரு விலை மனோசக்திக்காரனுக்கு வந்துவிடும்.

மேற்கத்திய ஆட்டங்களில் வரும் மனோசக்திக்கு வேறு பூர்வீகம். அது 19ஆம் நூற்றாண்டின் ஆவி அமர்வுகளிலும் அவற்றைச் சோதிக்க வந்தவர்களின் குறிப்பேடுகளிலும் வளர்ந்தது. லண்டனில் உளவியல் அதிசயங்களை ஆராயும் சங்கம் 1882இல் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் பிளாவட்ஸ்கி அம்மையாரின் பிரம்மஞான சபை பம்பாயிலிருந்து நம் அடையாறுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஒரு மரப் பேழைக்குள், மகாத்மாக்கள் என்று சபையார் சொன்ன மறைவான குருமார்களின் கடிதங்கள் தாமாகவே வந்து விழுகின்றன என்று பேச்சு. 1884 செப்டம்பரில், அந்த வீட்டை நிர்வகித்த எம்மா கூலோம், பிளாவட்ஸ்கி தனக்கு எழுதியவை என்று கொடுத்த கடிதங்களைச் சென்னையின் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகை அச்சிட்டது. எல்லாம் பேழையின் பின்பக்கமிருந்து செய்த வேலை என்பது குற்றச்சாட்டு. டிசம்பரில் லண்டன் சங்கம் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்பவரை அடையாறுக்கே அனுப்பி விசாரித்து, மறு ஆண்டு மோசடி என்று அறிக்கை வெளியிட்டது. நூறு ஆண்டு கழித்து, 1986இல், அந்த அறிக்கை ஒருதலைப்பட்சமானது என்று விமர்சிக்கும் கட்டுரையை அதே சங்கத்தின் இதழ் வெளியிட்டது தனிக் கதை. (மர்ம ஆட்டம் ஒன்றுக்கு இதைவிட நல்ல களம் எனக்குத் தெரியவில்லை. டிராகனே தேவைப்படாது.)

இந்தச் சோதனைச்சாலை வாசனை இன்றுவரை போகவில்லை. 1977இல் வந்த டிராவலர் என்ற விண்வெளி ஆட்டத்தில் மனோசக்தி உறுத்தாமல் பொருந்துகிறது. 1976இலேயே டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அதைச் சேர்த்துக்கொண்டபோதும், வாளும் கோட்டையும் உள்ள உலகில் இது எதற்கு என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அந்த ஆட்டத்தின் 1978 விதிப்புத்தகத்தில் அது பிற்சேர்க்கைதான். பாத்திரத்தின் அறிவு, ஞானம், வசீகரம் ஆகியவற்றுக்கான மதிப்பெண்களில் ஒன்றாவது 16ஐத் தொட்டிருந்து, அதற்கு மேல் அதிர்ஷ்டமும் இருந்தால்தான் கிடைக்கும். கிடைத்தவன் மற்றவர்களைவிட எங்கோ உயரத்தில் நின்றான். மனதோடு மனம் மோதும் மனப்போர் தொடங்கிவிட்டால் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

எனக்குத் தெரிந்து இதை ஒழுங்காகச் செய்த களம், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்காக 1991இல் வந்த டார்க் சன் என்ற கற்பனை உலகம். அந்த வறண்ட உலகில் மந்திரம் செடிகொடிகளின் உயிரை உறிஞ்சி மண்ணைச் சாம்பலாக்குகிறது. அதனால் மந்திரவாதியை ஊரே வெறுக்கிறது, அவன் ஒளிந்து வாழ்கிறான். மனோசக்தியோ ஏறக்குறைய எல்லோரிடமும் துளியாவது இருக்கிறது, அதைக் கற்றுத் தரப் பள்ளிகளும் உண்டு. விதிகளைப் படிக்காத ஆட்டக்காரருக்கும் இரண்டும் வேறு என்பது ஐந்தே நிமிடத்தில் புரிந்துவிடும்.

அடுத்து எல்லோரும் கேட்கும் கேள்வி, மந்திரத்தை முறிக்கும் சக்தி மனோசக்தியையும் முறிக்குமா என்பது. முறிக்கட்டும். அதே ஆட்டத்துக்கு 2004இல் வந்த மனோசக்திக் கையேடு அதையே பொதுவிதியாக வைத்து, வேண்டாம் என்பவர்களுக்கு மாற்று விதியும் தந்தது. முறிக்காது என்று வைத்தால் மந்திரம் செல்லாத அறைக்குள் ஒருவர் மட்டும் ராஜாவாகிவிடுவார். அந்தக் கையேட்டில் எனக்குப் பிடித்த இன்னொன்றும் உண்டு. சக்தியை ஏவும்போது ஒரு மெல்லிய ரீங்காரமோ, கண்ணில் ஒளியோ, இனம் தெரியாத ஒரு வாசனையோ வெளிப்படும். அதை அடக்க வேண்டுமானால் தனியாகப் பகடை உருட்டி மனதை ஒருமுகப்படுத்த வேண்டும். ஐந்தாம் பதிப்பில் இது இல்லை, எங்கள் மேசையில் நான் சேர்த்துக்கொண்டேன். பழரசக்காரர் மட்டும் இன்னமும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார்.